இரண்டாம் கொட்டகை

ஜனவரி 9

அன்புள்ள சின்னுவுக்கு,

அக்கா எழுதுவது. சுகமாக இருக்கிறாயா? இருமல் விட்டதா? நான் நன்றாக இருக்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ் இயந்திரத்தோடு படுத்துக் கிடக்கிற மனிதர் எவ்வளவு நன்றாக இருக்க முடியுமோ, உன் மாமாவும் அவ்வளவு நன்றாக இருக்கிறார். போனில் பேசினால் பக்கத்தில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொள்கிறார். அதனால்தான் எழுதுகிறேன்.

உங்கள் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து தகவல் வந்துவிட்டது. அடுத்து பன்றியின் சிறுநீரகம் பொருத்தப்போகும் இரண்டு பேரில் உன் மாமாவும் ஒருவர். அதைக் கேட்டதிலிருந்து அவர் கால் தரையில் இல்லை. இத்தனை வருடம் டிரைவிங் ஸ்கூல் நடத்திய புத்தி எங்கே போகும்? "ஸ்பேர் பார்ட் எந்தக் கம்பெனியா இருந்தா என்னடி, வண்டி ஓடுனா சரி" என்கிறார்.

எனக்கு மட்டும், உள்ளதைச் சொல்கிறேன், நினைத்தாலே அருவருப்பாக இருக்கிறது. திட்டாதே. எனக்குச் சர்க்கரை, உனக்கு ரத்த வகை சேரவில்லை, மனிதச் சிறுநீரகத்துக்குக் காத்துக் காத்துக் கண் பூத்துப்போயிற்று. எல்லாம் தெரிகிறது. புத்திக்குப் புரிந்தது வயிற்றுக்குப் புரியமாட்டேன் என்கிறது. நேற்று ஆபீஸ்களுக்கு அனுப்பும் சாப்பாட்டுக்குச் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது திடீரென்று அந்த நினைப்பு வந்து, கரண்டியைப் போட்டுவிட்டு வெளியே ஓடினேன். அப்புறம் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து அதே சோற்றைக் கேரியரில் அடைத்து அனுப்பினேன்.

அந்தப் பன்றிகள் எப்படி இருக்கும்? நாற்றம் எடுக்குமா? நீ எப்படித் தொடுகிறாய்? நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா

ஜனவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் போய்விட்டது. போகாமல் இருந்தால் என்னைக் கொட்டகைக்குள் விடமாட்டார்கள். நீங்கள் இருவரும் ஓரளவு நலமாக இருக்கிறீர்கள் என்று படித்ததில் நிம்மதி.

நாற்றம் எங்கள் பன்றிகளிடம் இல்லை, அவற்றைப் பார்க்கப் போகிறவர்களிடம்தான். ஒவ்வொரு முறையும் தலையோடு குளித்து, நகத்தைச் சுரண்டி, ஆவியில் வேகவைத்த உடுப்பைப் போட்டுக்கொண்டுதான் உள்ளே போகிறேன். காற்றைக்கூட வடிகட்டி விடுகிறோம். பிறந்ததிலிருந்து மண்ணை மிதிக்காத, வெயிலைப் பார்க்காத பிராணிகள். என்னைக் கண்டால் மூக்கால் முழங்காலை முட்டும். இரக்கப்பட்டால் இந்த வேலையைச் செய்ய முடியாது. இரக்கப்படாதவர்களை இந்த வேலைக்கு வைக்கவும் கூடாது. நடுவில் எங்கேயோ நிற்கிறேன்.

சிறுநீரகம் பொருத்திய முதல் ஆள் ஒரு தபால்காரர். வார்டில் காலாற நடக்கிறார். நடக்கும்போது ஒவ்வொரு கதவு முன்னும் ஒரு கணம் நிற்கிறார். கை தானாகப் பையைத் தேடுகிறதாம்.

வாசலில் எதிர்ப்புக் கூட்டம் நாளுக்கு நாள் பெருகுகிறது. போன வாரம் டிரம் டிரம்மாகச் சாக்கடையைக் கொண்டுவந்து கேட்டில் ஊற்றினார்கள். "மனுசனைப் பன்னியாக்காதே" என்று கத்துகிறவர்களின் செருப்பெல்லாம் அதே சாக்கடைக்குள் ஊறிக்கொண்டிருந்தது. அவர்களில் ஓய்வு பெற்ற நர்ஸ் அம்மா ஒருவர் மட்டும் கத்துவதே இல்லை. மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். இயக்குநரின் கார் வந்தால் எழுந்து போய், "சார், பன்னிகிட்ட இருக்கற கிருமி அந்த ஆளுக்கு வந்துட்டா, அவர் வீட்ல இருக்கறவங்களை யார் பார்த்துப்பாங்க? அதை மட்டும் சொல்லுங்க" என்று கேட்பார். இயக்குநர் கண்ணாடியை ஏற்றிவிடுவார்.

நல்ல கேள்வி அக்கா. எங்கள் கூட்டத்தில் நானும் அதைக் கேட்டேன். "டாக்டர், நீங்க பன்னியைப் பாருங்க" என்றார் இயக்குநர். எல்லாரும் சிரித்தார்கள்.

மாமாவிடம் நான் கேட்டதாகச் சொல்.

சின்னு

பிப்ரவரி 15

அன்புள்ள சின்னுவுக்கு,

நீ நலம்தானே? இங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனசுக்குத்தான்.

உன் மாமா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாரா? டீக்கடையில் பெருமையடித்துவிட்டு வந்தார். மறுநாளே தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அதுவும் உலைமூடியை வைத்துப் பிழைக்கிறவளுக்கு.

முதலில் ஒரு கேரியர் தொடாமல் திரும்பி வந்தது. காய் பிடிக்கவில்லை போல என்று நினைத்தேன். அடுத்த நாள் ஐந்தாறு வந்தன. கணக்கு ஆபீஸுக்கு நானே போனேன். அங்கே ஒரு பெண் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள், நாய் முகர்வது மாதிரி. என்னைப் பார்த்ததும் மூடினாள்.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. அவர் தொட்ட பாத்திரம் எது, சமைக்கிற பாத்திரம் எதுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அவருக்கு இன்னும் ஆபரேஷனே ஆகலையேம்மா."

"ஆகப்போகுதுல்ல?"

கேரியர்களைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். காய் நறுக்க வந்த இரண்டு பெண்களும் நின்றுவிட்டார்கள். எதிர் வீட்டு டீச்சர் நம் வீட்டுத் தண்ணீரைக் கையில் வாங்கி, குடிக்காமல் பேசிக்கொண்டே இருந்துவிட்டு, செடிக்கு ஊற்றிவிட்டுப் போனாள். செடிக்கு மட்டும் ஒன்றும் ஆகாதாம்.

மீந்த சோற்றைச் சாயங்காலம் பக்கெட்டில் கொட்டும்போது எனக்கு வரும் நாற்றம் உனக்குத் தெரியாது. லீவு கிடைத்தால் இரண்டு நாள் வந்துவிட்டுப் போ. உன்னைப் பார்த்தால் தெம்பாக இருக்கும்.

அக்கா

மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். உன் கைச் சாப்பாட்டில் ஒரு சுற்றுப் பெருத்துவிட்டதாக இங்கே சொல்கிறார்கள்.

பாத்திரம் கழுவும்போது உன்னிடம் சொன்னதை ஒருமுறை தெளிவாக எழுதிவிடுகிறேன். அன்று அழுதுகொண்டே சொன்னதில் உனக்குப் பாதி விளங்கியிருக்காது. தபால்காரர் திடீரென்று இறந்தாரே, அதற்கு இதயம் நின்றதுதான் காரணம் என்று நிலையம் அறிவித்தது. இதயம் நின்றது உண்மை. யாருக்குத்தான் நிற்காமல் போகிறது? அவர் ரத்தத்தில் பன்றிக் கிருமி இருந்தது. முதல் கொட்டகைப் பன்றியிடமிருந்து வந்தது. நாங்கள் செய்த பரிசோதனையில் அது சிக்கவில்லை. இப்போது வேறு முறையில் பரிசோதிக்கிறோம். இரண்டாம் கொட்டகையில் இருப்பவற்றை நானே ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டேன். அவை சுத்தம். மாமாவுக்கு வரப்போவது அங்கிருந்துதான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இதை வெளியே சொல்லுங்கள் என்று இயக்குநரிடம் மூன்று தடவை போய் நின்றேன். குழு கூடட்டும், நேரம் வரட்டும் என்கிறார். தபால்காரரின் மனைவிக்கே இன்னும் சொல்லவில்லை. இயக்குநர் அறையில் கொடுத்த டீயை நான் குடிக்கவில்லை அக்கா. கழுவுத்தொட்டியில் ஊற்றிவிட்டு வந்தேன். அவர்கள் அறிவிக்கும் வரைக்கும் உன்னோடு இருக்கட்டும்.

இன்னொன்று. மாமாவின் தட்டும் டம்ளரும் ஜன்னல் ஓரத்தில் தனியாக இருந்ததைப் பார்த்தேன்.

இருவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சின்னு

ஏப்ரல் 3

அன்புள்ள சின்னுவுக்கு,

நாங்கள் சுகம். உன் சுகத்துக்கு எழுது. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. காரணம் நல்ல காரணம்தான். வியாபாரம் மறுபடி சூடு பிடித்துவிட்டது. ஆபீஸ்காரர்கள் பாதிப் பேர் திரும்பிவிட்டார்கள். அது போக, ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் ஏற்பாட்டில் ஒரு குழுவுக்குத் தினமும் சாப்பாடு போகிறது. கூட்டம் நடக்கும் நாளில் இருநூறு பேர். அடுப்பு அணைவதில்லை. காய் நறுக்குகிறவர்களும் வந்துவிட்டார்கள், ஒன்றுமே நடக்காத மாதிரி.

என்ன குழு என்று உன் மாமா கேட்டார். பசிக்கிற குழு என்றேன். இப்போதெல்லாம் முன்போல் பேசுவதில்லை அவர்.

பதினெட்டாம் தேதி ஒரு வேலையாக உன் ஊர்ப் பக்கம் வருவேன் என்று நினைக்கிறேன். வசதிப்பட்டால் எட்டிப் பார்க்கிறேன். காத்திருக்காதே.

அக்கா

ஏப்ரல் 24

அக்கா,

நலம் விசாரிக்க எனக்குக் கை வரவில்லை.

பதினெட்டாம் தேதி காலை, கொட்டகையின் குளியலறையில் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தேன். வெளியே ஒலிபெருக்கியில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். அந்தச் செருமலிலேயே தெரிந்துவிட்டது. இட்ட பெயரைச் சொல்லாமல் 'சின்னு' என்று என்னைக் கூப்பிட்டு வளர்த்த தொண்டை அது.

"என் வீட்டுக்காரரை ஏமாத்தப் பார்த்தாங்க. தபால்காரர் செத்தது பன்னிக் கிருமியால. இது நான் சொல்லல. உள்ளே வேலை பாக்கற டாக்டரே, என் கூடப் பொறந்தவளே, என் வீட்டு அடுப்படியில நின்னு சொன்னது." கைதட்டல். பிறகு, "உள்ளே இருக்கற பன்னிங்க எல்லாம் அதே பன்னிங்கதான்."

முதலில் சொன்னது உண்மை. அதைக் கேட்க அந்த வாசலில் நின்ற எல்லாருக்கும் உரிமை இருந்தது. கடைசியில் சொன்னது பொய். இரண்டாம் கொட்டகை சுத்தம் என்று உன் காதில் படச் சொன்னேன். பாதியை வைத்துக்கொண்டு பாதியைப் பரிமாறினாய்.

அதற்குப்பின் என்ன நடந்தது என்று நீ இருந்து பார்த்தாயா, சாப்பாட்டு வண்டியில் ஏறிப் போய்விட்டாயா? கேட்டை உடைத்தார்கள். பன்றிகளைக் கொல்ல வேண்டும் என்று ஒரு கூட்டம், விடுதலை செய்ய வேண்டும் என்று இன்னொரு கூட்டம். இரண்டு கூட்டமும் சேர்ந்து ஒரே கதவைத் தள்ளின. வெளியே வந்த பன்றிகள் ஓடவில்லை. வெயில் பட்டதும் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. கல் விழுந்த பிறகுதான் ஓடின. சில நெடுஞ்சாலைக்குப் போய் லாரியில் அடிபட்டன. மூன்றை இரண்டு பேர் காலைக் கட்டி வேனில் தூக்கிப் போட்டார்கள். கிருமி கிருமி என்று காலையிலிருந்து கத்தியவர்கள்தான். "கறி நல்லா இருக்கும், சுத்தமா வளர்த்தது" என்று ஒருவன் சொன்னது என் காதில் விழுந்தது. நான் அங்கேயே வாந்தியெடுத்தேன்.

மிச்சத்தைத் திரும்பப் பிடித்து வந்தோம். வெளிக்காற்று பட்டுவிட்டால் அவற்றை இனி யாருக்கும் பயன்படுத்த முடியாது. அவற்றுக்குக் கடைசி ஊசி போடும் வேலை என்னுடையது. என்னைப் பார்த்ததும் வழக்கம்போல் முழங்காலை முட்டின.

இயக்குநர் அன்றே அறிக்கை விட்டார், 'மக்களின் உணர்வுகளை மதித்து' ஆராய்ச்சி நிறுத்தப்படுகிறதாம். கிருமியைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. வெளியே பேசியதற்காக என்னை வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள். நாளை மறுநாள் இந்த ஊரை விட்டுப் போகிறேன்.

உன் மேல் கோபம் இல்லை. கோபம் என்றால் ஆறும். எனக்கு இருப்பது அருவருப்பு.

சின்னு

மே 4

சின்னுவுக்கு,

நீ எந்த ஊரில் இருந்தாலும் நன்றாக இரு. உன் தோழியிடம் புது விலாசம் வாங்கி எழுதுகிறேன்.

நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. எழுதிப் பார்த்தேன், பொய்யாக இருந்தது, கிழித்துவிட்டேன். தபால்காரர் பெண்டாட்டிக்கு அவள் புருஷன் எதனால் செத்தான் என்று யார் சொன்னது? நீ சொன்னாயா, உன் இயக்குநர் சொன்னாரா? மேடைக்குக் கீழே அவள் நின்றாள். நான் சொல்லித்தான் தெரிந்துகொண்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. நீங்கள் எல்லாரும் வெள்ளை உடுப்புப் போட்டுக்கொண்டு மூடி வைத்தீர்கள். மூடி வைத்தது ஊசிப்போகும் என்று சமைக்கிறவளுக்கு நீ சொல்லித்தர வேண்டாம்.

இரண்டாம் கொட்டகையைப் பற்றி ஏன் பொய் சொன்னாய் என்று கேட்கிறாய். மேடை ஏறிப் பார், தெரியும். தபால்காரர் என்றதும் கை தட்டினார்கள். இரண்டு மாதமாக என் தண்ணீரைக் குடிக்காத முகங்கள் எல்லாம் என்னைப் பார்த்துக் கை தட்டின. அதற்குமேல் 'ஆனால்' என்று ஆரம்பிக்க எனக்கு வாய் வரவில்லை. வந்ததைச் சொல்லிவிட்டேன்.

கேட்டை உடைப்பார்கள் என்று தெரியாது. கறிக்குத் தூக்கிப் போனார்கள் என்பதை நீ எழுதித்தான் அறிந்தேன். மறுநாள் நான் சமைக்கவில்லை.

உன் மாமா சரியாகச் சாப்பிடுவதில்லை. உனக்குக் கடிதம் எழுதுகிறேன் என்றேன். எழுது என்றார்.

அக்கா

ஜூன் 16

பன்னி டாக்டரம்மாவுக்கு மாமா எழுதுவது.

சௌக்கியமா? புது ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்கிறதா? மாட்டு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்ததாகக் கேள்விப்பட்டேன். நல்லது. மாடு ஊர்வலம் போகாது.

என் சமாச்சாரம்: கையில் ஊசி குத்துகிற நரம்பு அடைத்துக்கொண்டது. இப்போது கழுத்தில் குழாய். கண்ணாடியில் பார்த்தால் பெட்ரோல் பங்க் மாதிரி இருக்கிறேன். என்னோடு தேர்வான அந்தத் தையற்காரப் பெண் போன வாரம் போய்விட்டாள். டயாலிசிஸுக்கு எனக்கு அடுத்த கட்டில். "அண்ணே, நாம ரெண்டு பேரும் ஒரே பன்னியோட ரெண்டு பக்கம், இனி சொந்தக்காரங்க" என்று சிரிப்பாள். அவளுடைய கட்டிலில் வேறு ஆள் வந்தாயிற்று.

உன் அக்கா உனக்கு என்ன எழுதினாள், நீ என்ன எழுதினாய், நான் கேட்கவில்லை. ஒரு நாள் மட்டும் அவளிடம் கேட்டேன். "ஏன்டி, நீ மேடையில பேசுனது எனக்காகவா, சாப்பாட்டு வியாபாரத்துக்காகவா?"

"ரெண்டும் ஒண்ணுதானே. அந்தச் சாப்பாடு போகலன்னா உங்களுக்கு ஊசி எங்கேருந்து வரும்?"

பதில் சரிதான் அம்மா. அதுதான் எனக்குச் செரிக்கவில்லை. என்னை உயிரோடு வைக்கிற சோறு எந்தக் கூட்டத்துக்குப் போகிறது என்று தெரிந்துகொண்டே நானும் தின்கிறேன்.

ஊர்க்காரர்கள் இப்போது என்னைப் பார்த்தால் தோளில் தட்டுகிறார்கள். "தப்பிச்சீங்க சார்" என்கிறார்கள். தட்டுகிற கையை எடுத்துத் தூரப் போடலாம் போல் இருக்கிறது. கழுத்தில் குழாய் இருக்கிறதே, குனிய முடியாது.

அவளுக்கு எழுது. நல்லதாக எழுத வேண்டும் என்றில்லை. திட்டியாவது எழுது. தபால் வருகிற நேரத்துக்கு வாசலில் போய் நிற்கிறாள்.

உன் மாமா

ஆகஸ்ட் 1

சின்னு,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். மாமாவுக்குக் கழுத்துக் குழாயில் சீழ் வைத்து, எடுத்துவிட்டு மறுபக்கம் போட்டிருக்கிறார்கள். அதுவும் நிற்காது என்கிறார் டாக்டர். போடுவதற்கு இனி இடம் இல்லையாம்.

ஜவுளிக்கடைக்காரரிடம் போனேன். உங்கள் குழு ஒரு வார்த்தை சொன்னால் நிலையத்தைத் திறப்பார்களே என்றேன். உட்காரச் சொன்னார். "இயற்கை விட்ட வழிம்மா. பன்னி உறுப்போட வாழறதுக்கு மானத்தோட போறது மேல்" என்றார். கடையில் வேலை செய்கிற பையன்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மானம் யாருக்கு, போவது யார் என்று கேட்க வாய் வரை வந்தது. மாத இறுதிக் கூட்டத்துக்கும் சாப்பாடு என்னுடையதுதான் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நான் கேட்கக் கூடாது. கேட்கிறேன். எங்கேயாவது ஒன்று இருக்கிறதா? உங்கள் கொட்டகையில் தப்பியது, வேறு ஊரில், வேறு நாட்டில், ஒன்றே ஒன்று? அவர் தட்டும் டம்ளரும் இப்போது என் தட்டோடு ஒன்றாகத்தான் இருக்கின்றன.

உடனே எழுது.

அக்கா

செப்டம்பர் 7

அக்கா,

உன் கடிதம் கிடைத்தபோதே பிரித்துப் படித்தேன். படித்துவிட்டுச் சிரித்தேன். உரக்கச் சிரித்தேன், பக்கத்தில் கட்டியிருந்த கன்று மிரண்டது. எங்கேயாவது ஒரு பன்றி இருக்கிறதா என்று நீ கேட்கிறாய். அந்தச் சிரிப்பு அடங்கியதும் என் மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது. அதனால் எழுதாமல் இருந்தேன். எழுத உட்காரும்போதெல்லாம் அந்தச் சிரிப்பு வந்து எதிரே உட்கார்ந்துகொண்டது.

ஆனாலும் தேடினேன். எங்களோடு படித்தவர்கள், எங்களைப்போல் வேலை செய்கிறவர்கள், எல்லாரிடமும் கேட்டேன். ஓரிடத்தில் எங்கள் கதையைக் கேட்டுப் பயந்து தாங்களாகவே மூடிவிட்டார்கள். கடல் தாண்டி ஓரிடத்தில் இருக்கிறது, வெளிநாட்டு நோயாளிகளை எடுப்பதில்லை. எங்களுடையதில் ஒன்றும் தப்பவில்லை. என் கையால் செய்தேன், எனக்குத் தெரியும்.

இல்லை அக்கா. ஒன்றும் இல்லை.

மாமாவைப் பார்க்க மாதக் கடைசிக்கு லீவு கேட்டிருக்கிறேன். அவரிடம் சொல். வேறு எதுவும் சொல்லாதே.

சின்னு

செப்டம்பர் 19

சின்னு,

உன் கடிதம் வந்த அன்று வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன். மாமா ஆகஸ்டு கடைசியிலேயே போய்விட்டார். தந்தி மாதிரி நாலு வார்த்தையாவது உனக்கு அனுப்பியிருக்க வேண்டும். நீ பதில் போடாத ஆத்திரத்தில் இருந்துவிட்டேன். உன்னைப் பார்க்க வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார். அதையும் உனக்கு எழுதாமல் இருக்கத்தான் நினைத்தேன். இப்போது எழுதிவிட்டேன்.

துக்கத்துக்கு அவருடைய டிரைவிங் ஸ்கூலில் படித்தவர்கள் நிறையப் பேர் வந்தார்கள். ஜவுளிக்கடைக்காரரும் வந்தார். "முழு மனுசனா போனார்" என்று என்னிடம் ஆறுதல் சொன்னார். அவர் போகும்வரை நான் எழுந்திருக்கவில்லை.

நான் இப்போது சமையல் வேலையை விட்டுவிட்டு என்ன செய்கிறேன் என்று சொன்னால் உனக்குச் சிரிப்பு வரும். வரட்டும். காலையில் பஸ் ஏறி உங்கள் நிலையத்தின் வாசலுக்குப் போய் நிற்கிறேன். ஒரு அட்டையில் 'ஆராய்ச்சியை மறுபடி தொடங்குங்கள்' என்று எழுதிப் பிடித்திருக்கிறேன். முதல் நாள் காவலாளி என்னை அடையாளம் கண்டு, "மேடையில பேசுன அம்மாதானே, இன்னும் என்னத்தம்மா மூடணும்?" என்று கேட்டான். மூடச் சொல்லி வரவில்லை, திறக்கச் சொல்லி வந்திருக்கிறேன் என்றேன். என்னைப் பைத்தியம் என்று முடிவு செய்துவிட்டான்.

அங்கே யாரும் இல்லை. கேட்டில் பூட்டு. உள்ளே அலுவலகம் மட்டும் நடக்கிறது. பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள். அட்டையைப் படித்ததும் அவர்கள் முகம் சுருங்குவதைப் பார்க்கிறேன். அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும். மாதக்கணக்கில் நானே வீட்டுக்குள் வைத்திருந்த முகம். நேற்று ஒருவர் நின்று நிதானமாகப் படித்துவிட்டு என் காலடியில் காறித் துப்பினார். துடைத்துவிட்டு நின்றேன்.

மாமா திரும்பி வரமாட்டார், யாருக்காக நிற்கிறாய் என்று நீ கேட்பாய். டயாலிசிஸ் வார்டில் அந்தத் தையற்காரப் பெண்ணின் கட்டிலில் இருப்பவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அவர் மனைவி என்னிடம் வந்து, "அக்கா, அந்தப் பன்னி ஆபரேஷன்னு சொன்னாங்களே, அது என்னாச்சு?" என்று கேட்டாள். நான்தான் அதை முடித்து வைத்தேன் என்று அவளிடம் சொன்னேன். அவள் என் பக்கத்திலிருந்து எழுந்து வேறு பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். மறுநாள் காலை நான் பஸ் ஏறினேன்.

நீ சாப்பிடுகிறாயா?

அக்கா

செப்டம்பர் 28

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? என்னுடையது பரவாயில்லை. நீ கேட்டதற்குப் பதில்: மாமா போன செய்தி படித்ததிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. இரண்டு தடவை சொன்னார் என்று எழுதினாயே, எழுதியது நல்லதுதான். எழுதாமல் விட்டிருந்தால் நாம் மறுபடியும் பழைய இடத்திலேயே நின்றிருப்போம்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உன்னிடம் ஒரு காரியம் கேட்கிறேன். அந்த அட்டையில் பாதிதான் எழுதியிருக்கிறாய். மேடையிலும் பாதிதான் பேசினாய். நிலையத்தின் அறிக்கையும் பாதிதான். நானும் முழுதாகச் சொல்ல வேண்டியதை உன் அடுப்படியில் தண்ணீர்ச் சத்தத்துக்குள் சொல்லிவிட்டு, அன்போடு சொன்னதாக நினைத்துக்கொண்டேன். 'ஆராய்ச்சியை மறுபடி தொடங்குங்கள்' என்பதற்குக் கீழே இன்னொரு வரி சேர்க்க வேண்டும். 'தபால்காரர் எதனால் இறந்தார் என்று அறிவியுங்கள்.' இரண்டும் ஒரே அட்டையில், ஒரே அளவு எழுத்தில். முதல் வரியைப் படித்து ஊர்க்காரர்கள் துப்புவார்கள். இரண்டாவதைப் படித்து உள்ளே இருப்பவர்கள் துப்புவார்கள். நின்றால் இப்படித்தான் நிற்க வேண்டும்.

நர்ஸ் அம்மாவுக்கும் எழுதினேன். கிருமி வந்தால் வீட்டில் இருப்பவர்களை யார் பார்ப்பார்கள் என்ற அவருடைய கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லையாம். பதில் கிடைக்கும்வரை ஆராய்ச்சியைத் திறக்கச் சொல்லித் தன்னால் கேட்க முடியாது என்கிறார். ஆனால் இரண்டாவது வரி இருந்தால் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொள்கிறாராம். அது போதும்.

உன் மேல் இருந்த அருவருப்பு எனக்குத் தீரவில்லை. தீர்ந்துவிட்டது என்று எழுதினால் அதுவும் பாதிக் கடிதம் ஆகிவிடும். வேனில் தூக்கிப் போட்ட அந்தக் கால்கள் இன்னும் கண்ணுக்குள் உதறுகின்றன. அதோடுதான் வருவேன்.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் இறங்குகிறேன். என்னைக் கட்டிப்பிடிக்காதே, அழாதே, சாப்பிட்டாயா என்று கேட்காதே. அட்டை பெரிதாகிவிடும், உன்னால் தனியாகத் தூக்க முடியாது. ஒரு பக்கத்தை நான் பிடித்துக்கொள்கிறேன்.

உன் தங்கை
சின்னு